வெள்ளத்தில் மூழ்கிய ஸ்விஃப்ட்: இன்ஜினுக்குள் புகுந்த நீரை வெளியேற்றிய பதிவு

பழுது பார்த்த இன்ஜின் 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு கம்ப்ரஷனை (பிஸ்டன் அமுக்கும்போது சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை) மறுபடி அளந்தேன். முதல் சிலிண்டரிலிருந்து வரிசையாக 178, 184, 176, 185 பி.எஸ்.ஐ. காட்டியது. நீரை வெளியேற்றிய கையோடு அளந்தபோது இதே சிலிண்டர்கள் 165, 180, 160, 182 என்றிருந்தன. இடைவெளி குறைந்துவிட்டது, ஆயிலும் தெளிவாக இருக்கிறது. ஆகவே இந்த வேலை முடிந்தது என்று கொண்டு, செய்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வண்டி 2016ஆம் ஆண்டின் ஸ்விஃப்ட், பெட்ரோல், 1197 சி.சி., நான்கு சிலிண்டர். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் நின்று பெய்த மழையில், வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள நிறுத்தத்தில் நின்றிருந்தது. புயல் 5ஆம் தேதி பாபட்லா அருகே கரை கடந்த பின்னும் எங்கள் தெருவில் நீர் உடனே வடியவில்லை. வடிந்த பிறகு வண்டியின் பக்கவாட்டில் படிந்திருந்த சேற்றுக் கோட்டை டேப் வைத்து அளந்தேன். தரையிலிருந்து 74 செ.மீ. இருந்தது. பானெட்டைத் தூக்கி, ஏர் ஃபில்டருக்குக் காற்றை இழுக்கும் குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்றும் அளந்தேன். அது 70 செ.மீ. இந்த நான்கு சென்டிமீட்டர்தான் அடுத்து வந்த எல்லா வேலைகளுக்கும் காரணம். சேற்றுக் கோடு அந்த வாய்க்குக் கீழே நின்றிருந்தால், வேலை பெரும்பாலும் ஆயில் மாற்றுவதோடும் மின்இணைப்புகளை உலர்த்துவதோடும் முடிந்திருக்கும்.

இவ்வளவு கவலைப்பட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்லலாம். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு ஏறக்குறைய 299 சி.சி.; கம்ப்ரஷன் விகிதம் 11, அதாவது பிஸ்டன் அடியில் நிற்கும்போதுள்ள மொத்த இடம் உச்சியில் 11இல் ஒரு பங்காகச் சுருங்கும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 30 சி.சி. மட்டுமே. காற்று அந்த இடத்துக்குள் அமுங்கும், நீர் அமுங்காது. ஆகவே இருமல் மருந்துடன் வரும் சிறு மூடியால் மூன்று முறை ஊற்றும் அளவு நீர் உள்ளே இருக்கும்போது யாராவது சாவியைத் திருப்பினால், பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும், அல்லது உடைந்து இன்ஜின் பிளாக்கையே துளைக்கும். நீரில் நின்ற இன்ஜினைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். நீரோடு ஸ்டார்ட் போடப்பட்ட இன்ஜினைக் காப்பாற்றுவது வேறு வேலை, வேறு செலவு.

எங்கள் தெருவில் முப்பது ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சேற்றுக் கோட்டைப் பார்த்ததுமே, “தம்பி, சாவியை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிடுங்க. யாரும் ஆசைக்குக்கூட ஒரு தடவை திருப்பிப் பார்க்கக் கூடாது” என்றார். பத்தாம் எண் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்தேன். பெரிய சர்வீஸ் மையங்களில் அப்போது வாரக்கணக்கில் வரிசை நின்றது. ஒரு பட்டறையில் பார்க்காமலே இன்ஜினை இறக்கிப் பிரிக்க 1.8 லட்சம் ரூபாய் என்றார்கள். வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்தது. ஆகவே யாரிடமும் கேட்பதற்கு ஒன்றுமில்லை. சிலிண்டர் சுவரில் நீர் நின்றால் சில நாட்களிலேயே துரு பிடிக்கும் என்பதால், அண்ணனின் பட்டறைக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றிச் சென்று (3,500 ரூபாய்) அவருடைய மேற்பார்வையில் நானே செய்வதென்று முடிவு செய்தேன்.

முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தோம். காகித ஃபில்டர் நனைந்து உப்பி, மடிப்புகளில் மெல்லிய களிமண் படிந்திருந்தது. பெட்டியின் அடியில் ஒரு டம்ளர் அளவு நீர் தேங்கியிருந்தது. இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டு மின்சாரம் இல்லாதபோதும் முழுவதும் மூடுவதில்லை, சிறு இடைவெளி விட்டே நிற்கும். அதன் பின்புறம் விரலை விட்டுத் தடவியபோது மண் ஒட்டியது. காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டுக்குள் நீர் போய்விட்டது என்பது அங்கேயே உறுதியாயிற்று.

அடுத்தது ஸ்பார்க் பிளக்குகள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலைப் பிடுங்கியதும் பிளக் உட்கார்ந்திருக்கும் குழியில் நீரும் மண்ணும் நிற்கும். அதைக் கவனியாமல் பிளக்கைக் கழற்றினால் அத்தனையும் நேராகச் சிலிண்டருக்குள் விழும். பக்கத்துப் பஞ்சர் கடையின் கம்ப்ரசர் குழாயை இழுத்து வந்து ஒவ்வொரு குழியையும் ஊதினோம். பிறகு துணி சுற்றிய கம்பியால் துடைத்து, மறுபடி ஊதி, டார்ச் அடித்துப் பார்த்த பின்புதான் பிளக்கில் சாக்கெட்டை மாட்டினோம். டயருக்குக் காற்றடிக்கும் சிறிய பம்பு என்னிடம் இருந்தது. அதன் வேகம் இந்த வேலைக்குப் போதவில்லை.

மொபைலில் இணைத்துப் பார்க்கும் எண்டோஸ்கோப் கேமரா ஒன்றை 950 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். அதைப் பிளக் துளை வழியாக இறக்கியபோது கண்ட காட்சி பாடம் போல இருந்தது. முதல் சிலிண்டரில் மங்கிய பழுப்பு நீர், பிஸ்டனே தெரியவில்லை. மூன்றாவதில் பிஸ்டன் தலையின் ஓரத்தில் சிறு குட்டை. இரண்டும் நான்கும் காய்ந்து, கரி படிந்து, வழக்கம் போலவே இருந்தன. காரணம் எளிது. நான்கு சிலிண்டர் இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும், பெரும்பாலும் ஒன்றில் உள்வாங்கும் வால்வும் இன்னொன்றில் வெளியேற்றும் வால்வும் திறந்திருக்கும். மற்ற இரண்டில் எல்லா வால்வுகளும் மூடியிருக்கும். எரியும் வரிசை 1-3-4-2 என்பதால், முதல் சிலிண்டர் காற்றை உள்ளிழுக்கும் நிலையில் நின்றிருந்தால் மூன்றாவது புகையை வெளியே தள்ளும் நிலையில் இருக்கும். முதலாவதுக்கு ஏர் ஃபில்டர் வழியாகவும் மூன்றாவதுக்குச் சைலன்சர் வழியாகவும் நீர் வந்திருக்கிறது. ஒரு பிளக்கை மட்டும் கழற்றிப் பார்த்துவிட்டு உள்ளே காய்ந்திருக்கிறது என்று முடிவு செய்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மருந்துக் கடையில் வாங்கிய 50 மி.லி. சிரிஞ்சின் முனையில் மீன்தொட்டிக்குப் போடும் மெல்லிய குழாயைச் செருகி உறிஞ்சினோம். முதல் சிலிண்டரிலிருந்து 110 மி.லி., மூன்றாவதிலிருந்து 25 மி.லி. வந்தது. மேலே சொன்ன 30 என்ற எண்ணோடு இந்த 110ஐ ஒப்பிட்டால் அண்ணன் சாவியைப் பூட்டி வைக்கச் சொன்னதன் அர்த்தம் விளங்கும். எஞ்சிய ஈரத்தைக் கம்ப்ரசர் காற்றால் துரத்திய பின், நான்கு சிலிண்டர்களிலும் தலா 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு, துளைகளைத் துணியால் மூடி இரவு முழுவதும் ஊற விட்டோம். முதல் சிலிண்டரின் சுவரில் நீர்மட்டம் நின்ற இடத்தில் வளையமாக ஒரு செம்பழுப்புக் கோடு கேமராவில் தெரிந்தது. விரலால் தொட முடியாத இடம் என்பதால், அது மேலோட்டமான துருவா ஆழமாகத் தின்றதா என்பது பிறகு கம்ப்ரஷனில்தான் தெரியும் என்று விட்டுவிட்டோம்.

ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தபோது ஆயில் மேல் குறிக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது; நிறம் பால் கலந்த டீ போல. வண்டி அசையாமல் நின்றதால் நீரின் பெரும்பகுதி, இன்ஜினுக்குக் கீழே ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் தனியாகத் தங்கியிருந்தது. டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தியதும் முதலில் வந்தது கிட்டத்தட்டத் தெளிந்த நீர், அதன் பின் கலங்கல், கடைசியில் ஆயில். அளவுக் குவளையில் பிடித்ததில் நீர் மட்டும் 1.4 லிட்டர். இந்த இன்ஜின் கொள்ளும் ஆயிலே ஃபில்டரோடு சேர்த்து 3.1 லிட்டர்தான். டிப்ஸ்டிக் குழாயின் வாய், கிராங்க் கேஸின் மூச்சுக் குழாய், சிலிண்டரிலிருந்து பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் வழியாகக் கசிந்தது என்று நீருக்கு வழிகள் பல. எது எவ்வளவு என்று பிரித்தறிவதில் பயனில்லை. முழுவதும் வடிய, வண்டியின் முன்புறத்தை ஜாக்கியில் ஏற்றியும் சமமாக இறக்கியும் இரு நிலைகளிலும் சொட்ட விட்டோம். இறக்கிய பிறகு மேலும் ஒரு டம்ளர் கலங்கல் வந்தது.

இந்த இடத்தில் பல பட்டறைகளில் டீசல் ஊற்றிக் கழுவுவார்கள். டிரெயின் போல்ட்டைத் திறந்தே வைத்து, மேல் மூடி வழியாக ஒரு லிட்டர் டீசலை ஊற்றி வடிய விடுவதில் எனக்குத் தடையில்லை, நாங்களும் அப்படியே செய்தோம். ஆனால் டீசலை உள்ளே நிறுத்தி இன்ஜினை ஓட விடுவதை நான் ஏற்கவில்லை. ஏற்கெனவே எண்ணெய்ப் படலம் கழுவப்பட்டுப் போன பேரிங்குகளுக்கு அது இன்னொரு சோதனை. விலை குறைந்த ஆயிலை ஊற்றி ஓட்டி வடிப்பதற்குச் சில நூறு ரூபாய்தான் கூடுதலாகும்.

அடுத்து, கையால் சுழற்றல். வலது முன் சக்கரத்தைக் கழற்றி, கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் மாட்டி, கடிகாரத் திசையில் மெல்லத் திருப்பினோம். டைமிங் செயின் உள்ள இன்ஜினை எதிர்த்திசையில் திருப்பக் கூடாது என்று அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். முதல் கால் சுற்றில் சற்றுக் கடினம், பிறகு சீராக வந்தது. முழுச் சுற்றுகள் சுற்றியும் எங்கும் இடிக்கவில்லை. அதே நேரத்தில் ராடு வளைந்திருக்கிறதா என்பதையும் சோதித்தோம். மெல்லிய பித்தளைக் கம்பியைப் பிளக் துளை வழியாகப் பிஸ்டன் தலையில் நிறுத்தி, அது எழும் உச்ச உயரத்தைக் கம்பியில் கீறி, வெர்னியரால் அளந்தோம். நான்குக்கும் இடையே மிகப்பெரிய வேறுபாடு 0.2 மி.மீ. அது கம்பியைப் பிடிப்பதில் வரும் பிழைக்குள் அடங்கும். ஒரு பிஸ்டன் மட்டும் ஒரு மி.மீ. தாழ்ந்து நின்றிருந்தால் இன்ஜினை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் நீரில் கிடந்தவை. அவற்றைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தோம். ஸ்டார்ட்டருக்குள் மண் கலந்த கிரீஸ் கெட்டியாகியிருந்தது. சுத்தம் செய்து கார்பன் பிரஷ் மாற்றியதற்கு 900 ரூபாய். ஆல்டர்னேட்டருக்குப் பேரிங்கும் சேர்த்து 1,600. அவர் வேலையை முடிக்கும் இடைவெளியில் இன்ஜின் பக்கத்து ஒயர் இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஊதி, மறுபடி மாட்டினேன். கை வலித்தது இந்த வேலையில்தான், ஆனால் பின்னால் மின்கோளாறுகள் குறைவாக வந்ததற்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பெட்ரோல் டேங்கிலிருந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தோம். அடியில் நீர் பிரியவில்லை. கியர்பாக்ஸ் ஆயில் சாம்பல் நிறமாக வந்ததால் அதையும் மாற்றினோம். சைலன்சரின் பின் பகுதியைக் கழற்றிக் கவிழ்த்ததில் ஒரு வாளியில் கால் பங்கு நீர் கொட்டியது.

புது பேட்டரி மாட்டி, பெட்ரோல் பம்பின் ஃபியூஸை உருவி, இன்ஜெக்டர் இணைப்புகளைக் கழற்றி, புது ஃபில்டரும் மலிவு ஆயிலும் ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்ற விட்டோம். முதல், மூன்றாம் துளைகளிலிருந்து மெல்லிய நீர்ப்புகை பீறிட்டு மேலே போட்டிருந்த துணியை நனைத்தது. விட்டு விட்டுச் சுற்றி, டேஷ்போர்டில் ஆயில் விளக்கு அணையும் வரை தொடர்ந்தோம். அது அணைந்த பிறகே பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்தது என்று பொருள். பிறகு கம்ப்ரஷன் அளவி (1,300 ரூபாய்) மாட்டி எடுத்தவைதான் தொடக்கத்தில் சொன்ன 165, 180, 160, 182. நீர் புகுந்த இரண்டு மட்டும் தாழ்ந்திருந்தன. அவற்றில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அளந்தபோது இரண்டும் 180ஐத் தாண்டின. ஆயில் விட்டதும் ஏறினால் குறை ரிங்கில். ஏறாவிட்டால் வால்விலோ, சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள கேஸ்கெட்டிலோ. ரிங்கில் ஒட்டிய துருவும் மண்ணும் ஓட ஓடத் தேய்ந்து போகக்கூடும் என்பதால் பிரிக்காமல் தொடரத் துணிந்தோம்.

புது பிளக்குகளைக் கையால் திருகி, கேஸ்கெட் அமர்ந்தபின் அரைச் சுற்று இறுக்கி, இணைப்புகளைத் திருப்பி மாட்டி ஸ்டார்ட் செய்தபோது உடனே பிடித்தது. ஆனால் வண்டி முழுவதும் குலுங்கியது. சைலன்சரிலிருந்து வெண்புகை கால் மணி நேரம் வந்து பின் குறைந்தது. அது உள்ளே மிஞ்சிய நீரின் ஆவி என்பதால் கவலைப்படவில்லை. குலுக்கல் நிற்காததுதான் எங்களைத் திசை திருப்பியது. வண்டியின் கணினி பதியும் பழுதுக் குறியீட்டைப் படிக்கும் கருவி பி 0301 என்று காட்டியது, அதாவது முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. துருக்கோடு தெரிந்த அதே சிலிண்டர் என்பதால் ரிங்கோ வால்வோ போய்விட்டது என்றே இருவரும் எண்ணி, ஹெட்டைக் கழற்றுவது பற்றிப் பேசத் தொடங்கிவிட்டோம். அதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை பாக்கி இருந்தது. முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றி ஓட்டினோம். குறியீடு பி 0302 ஆயிற்று. பழுது காயிலோடு நகர்ந்துவிட்டது. வெயிலில் காய வைத்தபோது நன்றாகவே தெரிந்த அந்தக் காயில் உள்ளே கசிந்திருக்கிறது. 1,950 ரூபாய்க்குப் புதுக் காயில் மாட்டியதும் ஐடிலிங் சீராயிற்று. பிறகு வந்த பி 0135 ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டரைக் குறிப்பது. அதற்கு 3,400 ரூபாய்.

பத்து நிமிடம் ஓட விட்டு, அணைத்து, டிப்ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயில் மறுபடி வெளுத்திருந்தது. ஆயில் பாதைகளிலும் ஹெட்டின் மூலைகளிலும் தங்கிய நீரை முதல் ஆயில் வாரி வந்திருக்கிறது. வடித்து, ஃபில்டரோடு மாற்றி, இம்முறை இன்ஜின் முழுச் சூடேறும் வரை, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று நிற்கும் வரை ஓட விட்டோம். சூடேறினால்தான் கரைந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். நிறுத்தியபின் ஆயில் மூடியைக் கழற்றியபோது ஆவி எழுந்தது. மூடியின் உட்புறத்தில் வெண்ணிறப் பசை ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு இரண்டாம் ஆயிலையும் வடித்து, மூன்றாவதாகத்தான் நல்ல 5டபிள்யூ-30 ஆயிலை ஊற்றினோம். இந்த மாற்றங்களில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒருமுறை மாற்றிவிட்டு ஓட்டி, பிறகு பேரிங் சத்தத்தோடு பட்டறைக்கு வந்த வண்டிகளை அண்ணன் 2015 வெள்ளத்துக்குப் பின் நிறையப் பார்த்திருக்கிறார்.

இன்ஜின் ஓடினாலும் கியர் விழவில்லை. கிளட்ச் தட்டு துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெறிச்சோடிய மைதானத்தில், இன்ஜின் சூடாக இருக்கும்போது, மூன்றாம் கியரில் கிளட்ச்சை அழுத்திப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்து, வண்டி நகர்ந்ததும் பிரேக்கை அழுத்தினோம். சிலமுறை செய்தபின் ‘டக்’கென்று விடுபட்டது. முன்னால் ஆளோ சுவரோ இருக்கும் இடத்தில் இதைச் செய்யவே கூடாது.

செலவுகளில் பெரியவை பேட்டரி 4,800, இழுத்து வந்த கூலி 3,500, சென்சார் 3,400, அண்ணன் வற்புறுத்தலுக்குப் பின் வாங்கிக்கொண்ட 3,000. ஆயில், ஃபில்டர், பிளக், கியர் ஆயில், புதுக் கருவிகள் என எல்லாம் சேர்த்து, 500 கிலோமீட்டரில் மறுபடி மாற்றிய ஆயிலையும் கணக்கிட்டால் மொத்தம் 30,000 ரூபாயை ஒட்டி வருகிறது. சீட்டும் கார்பெட்டும் இதில் சேராது.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை சில உண்டு. எச்சரிக்கை வந்ததுமே வண்டியை மேட்டுக்கு, வேளச்சேரிக்காரர்கள் பலர் செய்வது போல மேம்பாலத்துக்கே, கொண்டு போவது முதல் வேலை. அதற்கு வழியில்லாவிட்டால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, காற்றை இழுக்கும் குழாயின் வாயையும் சைலன்சர் வாயையும் தடித்த பாலித்தீனும் டேப்பும் போட்டு அடைத்து வைப்பேன். அவற்றை எடுக்காமல் ஸ்டார்ட் போடக் கூடாது என்ற சீட்டை ஸ்டியரிங்கில் ஒட்டுவேன். நீர் முழங்காலுக்கு இறங்கியதுமே, ரெக்கவரி வண்டிக்குக் காத்திராமல், நின்ற இடத்திலேயே பிளக்கைக் கழற்றிச் சிலிண்டர் நீரை உறிஞ்சி ஆயில் விட்டுவிடுவேன். முதல் சிலிண்டரின் துருக்கோடு அந்தத் தாமதத்தில் விழுந்ததுதான். காயில்கள் நான்கையும் தொடக்கத்திலேயே இடம் மாற்றிச் சோதிப்பேன். இன்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கிடைக்கும் கூடுதல் காப்பீட்டையும் மழைக்காலத்துக்கு முன் விசாரிக்க இருக்கிறேன். இந்த வயது வண்டிக்குத் தருவார்களா என்பதைப் பொறுத்து அது அமையும். 1,000 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை மீண்டும் வடித்து, காந்தம் விட்டு இரும்புப் பொடி சேர்கிறதா என்று பார்த்து, கம்ப்ரஷனை மூன்றாம் முறை அளக்க வேண்டும். மூன்றாம் சிலிண்டர் 176இலேயே நின்றால் அப்படியே விட்டுவிடலாம், 165க்குக் கீழே இறங்கினால் ஹெட்டைக் கழற்றுவோம் என்று அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.